யாரும் விழாத வைகாசி

1

எங்கள் கம்பெனியில் ஆண்டுக்கொரு முறை ஒவ்வொருவரையும் எதிரே உட்காரவைத்து மதிப்பெண் போடுவார்கள். பாதுகாப்பு அதிகாரிகளுக்கான தாளில் முதல் கேள்வியே இதுதான்: இந்த ஆண்டு நீங்கள் சமாளித்த விபத்து ஒன்றை விவரியுங்கள். நான் "எதுவும் நடக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன்.

புராஜெக்ட் மேனேஜர் ரவிச்சந்திரன் சார் கோயம்புத்தூர்க்காரர். யாரையும் கடிந்து பேசத் தெரியாத மனிதர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்க மேரி, இப்படி ஒத்தை வரி எழுதிக் குடுத்தா நான் எதை வச்சுங்க மார்க் போடறது?"

"ஒண்ணும் நடக்கல சார். அதுக்குத்தானே சார் எனக்குச் சம்பளம் குடுக்குறீங்க?"

"அது சரிங்க. ஆனா போன மே மாசம் உங்களால வேலை தாமதம்னு எழுதியிருக்குது. அதுக்கு எதிர்ல காட்டறதுக்கு ஒண்ணு வேணுமல்லங்க?"

வேறொரு சைட்டில் போன வருடம் தீப்பிடித்தது. அங்கிருந்த பாதுகாப்பு அதிகாரி ஓடியாடி அணைத்தார். அவருக்கு மேடையில் சால்வை போட்டுக் கேடயம் கொடுத்தார்கள். வெல்டிங் நடக்கிற இடத்தில் அட்டைப் பெட்டிகளை மலைபோல் அடுக்க விட்டதும் அவர்தான். அதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கைதட்டினேன். எனக்கும் பிரியாணி கிடைத்தது.

ஊரில் நம் ஆட்கள் கொண்டுவரும் ஆண்டு மலருக்கு, வெளிநாட்டில் ஜெயித்த கதை ஒன்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். ஜெயித்த கதை என் கைவசம் இல்லை. கோபம்தான் இருக்கிறது. அதை எழுதுகிறேன், போட்டால் போடுங்கள்.

2

என் பெயர் சகாயமேரி. குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கிராமம். பாலிடெக்னிக்கில் சிவில் முடித்துவிட்டு, திருச்சியில் பாதுகாப்புப் படிப்பும் படித்தேன். அப்போது எங்கள் தெருவில் கேட்காத ஆளில்லை. "பொம்பளப் புள்ளைக்குத் தீயணைக்கிற படிப்பு எதுக்கு?" என்றார்கள். பிறகு நான் ஓமனுக்கு வந்து சம்பாதிக்க ஆரம்பித்ததும் அதே ஆட்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் படிப்பு எங்கே கிடைக்கும் என்று போன் போட்டார்கள்.

மஸ்கட்டுக்கு வெளியே, பாலை தொடங்குகிற இடத்தில் எங்கள் சைட். வரிசையாகக் கிடங்குகள் கட்டுகிறோம். காலையில் கம்பெனி வேனில் போய் இறங்கினால் முதல் வேலை, ஆட்கள் ஏறி நிற்கிற சாரத்தைச் சுற்றிவந்து பார்ப்பது. ஏறத் தகுந்த சாரத்துக்குப் பச்சை அட்டை மாட்டுவேன். தகாததற்குச் சிவப்பு. சிவப்பு அட்டை தொங்கினால் முதலாளியே வந்தாலும் ஏறக்கூடாது. அட்டையை மாட்டவும் கழற்றவும் எனக்கு மட்டும்தான் உரிமை. இந்த தேசத்தில் என் அதிகாரம் அவ்வளவுதான். மற்றபடி அடையாள அட்டை புதுப்பிக்கிற அலுவலகத்தில் நான் யார் என்பதே ஒவ்வொரு முறையும் சிக்கல். அப்பா பெயரை என் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு "மிஸ்டர் சவரிமுத்து" என்று மைக்கில் கூப்பிடுவார்கள். நான் எழுந்து போனால், சவரிமுத்து எங்கே என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். செத்துப்போன அப்பா இங்கே என்னோடு வரிசையில் நிற்பது ஒரு வகையில் பரவாயில்லைதான்.

பேச்சும் கலங்கிவிட்டது. அம்மாவோடு போனில் பேசும்போது என்னையறியாமல் "யல்லா, யல்லா" என்கிறேன். "என்னடி இது, மாட்ட ஓட்டுற மாதிரி என்னைய ஓட்டுற?" என்று அம்மா கேட்டார். வேலையிடத்தில் அவசரப்படுத்தும் சொல் அது என்று விளக்கினேன். "நம்ம ஊர்ல சீக்கிரம்னு ஒரு சொல்லு இருந்துச்சே, அத என்ன பண்ணுன?" என்றார்.

3

எங்கள் கிடங்குகளுக்குக் கூரை ஷீட் போடுகிறவர்கள் கறம்பக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள். ஒருவர் வந்து, அவர் மச்சானை அழைத்து, மச்சான் சித்தப்பா மகனை அழைத்து, இப்படியே ஒரு குழுவாகச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவர் கருப்பையா அண்ணன். நாற்பது தாண்டியவர். கூரையில் ஏறினால் பூனை மாதிரி நடப்பார், கீழே இறங்கினால் அதிகம் பேச மாட்டார். இது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்க, பேர மட்டும் மாத்திருங்க" என்றார்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நான் வேறு சைட்டில் இருந்தபோது, இந்தக் குழுவில் செல்வகுமார் என்பவர் உச்சி வெயிலில் கூரையிலிருந்து சரிந்துவிட்டார். இடுப்பு பெல்ட் கயிற்றோடு மாட்டியிருந்ததால் கீழே விழாமல் தொங்கினார். மேலே இழுத்துப் போட்டார்கள். விசாரணைக் குழு வந்தது. காலணியின் அடிப்பாகம் தேய்ந்திருந்ததே காரணம் என்று கண்டுபிடித்தது. அத்தனை பேருக்கும் புது ஷூ வாங்கிக் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் இன்னும் எங்கள் ஆபீஸ் சுவரில் இருக்கிறது. எல்லோரும் ஷூவைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்காமல் நிற்கிறார்கள்.

போன வருடம் நான் இந்த சைட்டுக்கு மாற்றலாகி வந்தேன். வைகாசி பிறந்த சமயம். இங்கே ஞாயிற்றுக்கிழமைதான் வாரத்தின் முதல் வேலை நாள். காலைக் கூட்டத்தில் பாதுகாப்பு விதிகளை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். கூரைக் குழுவில் ஒருவர்கூடச் சவரம் செய்திருக்கவில்லை. அந்த வெக்கையிலும் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டிருந்தார்கள். மத்தியானம், ஆட்கள் தங்கியிருக்கும் கேம்ப்பின் சமையல்காரர் வந்து என்னிடம் புலம்பினார். "ஒங்க ஊர்ப் பக்கத்து ஆளுங்க மீனே தொட மாட்டேங்கிறாங்க மேடம். பகல் சாப்பாட்டு டப்பாவும் அப்படியே திரும்பி வருது. என் சமையல் மேல எதுவும் கோவமா?"

அவர் சமையலில் கோளாறில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் ஊரில் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று.

பட்டணத்தில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். காப்புக் கட்டுவது என்றால் திருவிழா தொடங்குவதற்கு அடையாளமாக மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டிக்கொள்வது. கட்டியவர்கள் தேர் ஓடி முடியும்வரை கவுச்சி தொடமாட்டார்கள், சவரம் செய்யமாட்டார்கள். இவர்கள் ஊரில் இன்னும் கடுமை. பகல் முழுக்கப் பட்டினி. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். பொழுது சாய்ந்து குளித்துவிட்டு ஒரு வேளைதான் சாப்பாடு. ஊரில் இருந்தால் மரத்தடியில் கிடந்து விரதத்தைக் கழித்துவிடலாம். இவர்கள் கழித்துக்கொண்டிருந்தது ஓமன் வெயிலில், தகரம் கொதிக்கிற கூரை மேல்.

4

கருப்பையா அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ஒங்க ஊர்ல காப்புக் கட்டியாச்சா?"

"யாரு மேடம் சொன்னது?"

"ஒங்க தாடிதான் சொல்லுது."

சட்டைக் கையை ஏற்றிக் காட்டினார். மஞ்சள் நூல்.

"அங்கிட்டுக் கோயில்ல கட்டுறப்ப வீடியோ கால்ல பாத்துக்கிட்டே இங்கிட்டு நாங்களும் கட்டிக்கிட்டோம். லீவு முடிஞ்சு வந்தவுககிட்ட நூல முன்னாடியே குடுத்துவிட்டிருந்தாக."

"எத்தனை பேரு?"

"கொஞ்சப் பேருதான்."

"கொஞ்சம்னா?"

"எல்லாருந்தான் மேடம்."

"தண்ணியாச்சும் குடிக்கிறீகளா?"

"பொழுது சாஞ்சாத்தான்."

"செல்வகுமார் தொங்குனாரே, அன்னிக்கு?"

"அன்னிக்கும் வெரதந்தான்" என்றார்.

"அத ஏண்ணே விசாரணைல சொல்லல?"

"சொன்னா வெரதம் இருக்காதம்பாக. இல்லாட்டி நீ கூரைக்கு லாயக்கில்ல, ஊருக்குப் போம்பாக. அவுக ஷூ குடுத்தாக, வாங்கிக்கிட்டோம்." பிறகு அவராகவே சொன்னார்: "எத்தனையோ வருசமாச்சு மேடம், தேர் வடத்தத் தொட்டு. வீடு கட்டியிருக்கோம், அதுல படுக்கல. புள்ளைக வளந்துருச்சு, கூட இல்ல. இந்த வெரதத்தையும் விட்டுட்டா, நானும் அந்த ஊர்க்காரன்னு எத வச்சுச் சொல்லுவேன்?"

ஆனாலும் நான் விடவில்லை. வெயில் ஏறிய பிறகு கூரையில் நிற்க வேண்டாம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நீங்க வேதக்காரவுக மேடம். ஒங்களுக்கு இதெல்லாம் புரியாது. ஆத்தா பாத்துக்குவா."

எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏண்ணே, தவக்காலத்துல நாங்க மட்டும் விருந்தா சாப்பிடுறோம்? வெரதத்த விடுங்கன்னு சொல்ல நான் யாரு? கூரைய விட்டு எறங்குங்கன்னுதான் சொல்றேன். ஆத்தாதான் ஒங்களப் பாத்துக்கச் சொல்லி என்னைய இங்கன நிறுத்தியிருக்கான்னு வச்சுக்கங்களேன்."

அவர் சிரிக்கவில்லை. "ஆபீஸ்ல மட்டும் சொல்லிராதீக" என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

5

இங்கே ரம்ஜான் மாதத்தில் வேலை நேரத்தைக் குறைப்பார்கள். அது சட்டம். உச்சி வெயிலில் வெளியே வேலை வாங்கக்கூடாது என்றும் ஒரு சட்டம் உண்டு. அது ஜூன் மாதம்தான் தொடங்கும். கறம்பக்குடிப் பக்கத்து அம்மனின் வைகாசித் திருவிழா எந்தச் சட்டத்திலும் இல்லை. ஜூனுக்கு முன்னால் வருகிற அந்தக் கொஞ்ச நாட்களுக்கு இவர்களுக்கு நாதியில்லை. அந்த இடைவெளியில் ஒரு ஆள் செத்துப்போகலாம் என்பது மொத்த கம்பெனியிலும் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரிந்தது.

ரவிச்சந்திரன் சாரிடம் போனேன். கூரைக் குழுவை விடியற்காலையிலேயே ஏற்றிப் பதினோரு மணிக்கு இறக்கிவிட வேண்டும் என்றேன்.

"ஏங்க, யாராவது மயக்கம் போட்டுட்டாங்களா?"

"இல்ல சார்."

"யாராவது புகார் சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்னங்க? சட்டப்படி ஜூன்ல எப்படியும் நிறுத்தப் போறோமே."

"சட்டத்துக்கு ஜூன்ல வெயில் சார். சூரியனுக்கு அது தெரியாதே."

"போன வருசமும் இதே வெயில்தானுங்க."

"போன வருசம் ஒருத்தர் தொங்குனார் சார்."

"அது ஷூங்க."

உண்மையைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் புரியவைத்திருக்கலாம். ஆனால் அடுத்த நிமிடமே கேம்ப் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள்: வேலை நாட்களில் விரதம் இருக்கத் தடை. இவர்கள் அதைப் படித்துவிட்டு, நூலை இன்னும் ஒரு சாண் மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு கூரைக்குப் போவார்கள். அடுத்த வைகாசியில் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அதனால் வாயைத் திறக்கவில்லை. அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். எங்கள் ஆபீஸில் யோசிப்பது என்றால் கிடப்பில் போடுவது.

மறுநாள் பதினோரு மணிக்குக் கூரைக்குப் போகிற சாரத்தில் சிவப்பு அட்டையை மாட்டினேன்.

கிரேன்காரர் கத்தினார். மேற்பார்வைப் பொறியாளர் ஓடி வந்தார். ரவிச்சந்திரன் சார் போனில் அழைத்து, "என்னங்க மேரி இது" என்று மூன்று முறை அதையே கேட்டார். என் பாதுகாப்புக் கண்ணுக்கு அந்தச் சாரம் ஏறத் தகுந்ததாக இல்லை என்று சொன்னேன். எந்த வகையில் என்றார். வெயில் வகையில் என்றேன். மேலே இருந்த ஆட்கள் இறங்கினார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. கூடுதல் நேர வேலை போனதில் அவர்களுக்கு வருத்தம். ரகசியம் வெளியே வந்துவிடுமோ என்று பயம் வேறு. கருப்பையா அண்ணன் என்னைக் கடந்து போகையில் தொப்பியைக்கூடத் தொடவில்லை.

திருவிழா முடியும்வரை தினமும் மாட்டினேன். தினமும் சண்டை. உடன் வேலை செய்யும் ஒருவர் ஆதங்கத்தோடு சொன்னார்: "யாராச்சும் ஒருத்தர் லேசா மயங்கி விழுந்துட்டா ஒங்களுக்கு நல்லதுங்க மேரி. எல்லாரும் வாயை மூடிருவாங்க." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. நான் சொல்வது சரி என்று நிரூபிக்க ஒரு மனிதர் விழ வேண்டுமாம்.

ஒருவரும் விழவில்லை. ஊரில் தேர் நிலைக்கு வந்தது. இங்கே எல்லோரும் சவரம் செய்துகொண்டு, மீன் வாங்கித் தின்றார்கள். அந்தக் கிடங்கின் கூரை மட்டும் சில நாள் தாமதமாக முடிந்தது. அந்தத் தாமதம்தான் என் மதிப்பீட்டுத் தாளில் ஏறியிருக்கிறது.

6

நம் ஊர் மட்டும் என்ன வாழ்கிறது? எங்கள் ஊருக்கு ரோடு பிரிகிற விலக்கில் பள்ளிக்கூடம் இருக்கிறது. பஸ்கள் பறக்கும். வேகத்தடை போடுங்கள் என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். இதுவரை அங்கே ஒன்றும் நடக்கவில்லையே என்றார்கள். பிறகு நடந்தது. மறு வாரமே வேகத்தடை வந்தது, வெள்ளைக் கோடு போட்டு, பக்கத்தில் எச்சரிக்கைப் பலகையோடு. நாம் அதைப் பார்த்து, நடவடிக்கை எடுத்துவிட்டார்கள் என்று திருப்திப்பட்டோம். ஒரு பிள்ளையைக் கொடுத்து வாங்கிய வேகத்தடை அது.

அதற்காக எல்லாவற்றிலும் முந்திக்கொள் என்று சொல்கிற கூட்டத்திலும் நான் இல்லை. ஒருமுறை எங்களுக்கு முன்கூட்டியே செயல்படுவது பற்றி வகுப்பெடுக்க வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். கோட்டுப் போட்டு வந்து நாள் முழுக்கப் பேசினார். அவர் போன பிறகு ஆபீஸுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. தேநீர் மேசை சாய்ந்தால் என்ன செய்வது, பேனா தீர்ந்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றுக்கும் திட்டம் எழுதச் சொன்னார்கள். எழுதினோம். அந்தக் காகிதக் குவியலில் வைகாசி வெயில் எங்கேயும் இல்லை. முன்கூட்டிச் செயல்படுவது என்பதை அவர்கள் முன்கூட்டி எழுதுவது என்று புரிந்துகொண்டார்கள்.

பேனா தீர்ந்தால் வேறு வாங்கலாம். ஷீட் வளைந்தால் மாற்றலாம், கிரேன் நின்றால் மறுநாள் ஓட்டலாம். இதிலெல்லாம் நடக்கட்டும் பார்க்கலாம் என்று இருப்பதில் தப்பே இல்லை, சொல்லப்போனால் அதுதான் புத்திசாலித்தனம். நடந்த பிறகு சரிசெய்ய முடியாதது எது என்று மட்டும் ஒரு அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதோடு, அந்த ஆபத்து தன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறது என்றால், மற்றவர்கள் ஒத்துக்கொள்ளட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அவர்கள் ஒத்துக்கொள்ளும்போது ஆம்புலன்ஸ் வந்து நின்றிருக்கும். நான் வேலையில் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

வீட்டில் இந்தச் சட்டம் செல்லாது. என் மகள் ஜெசிந்தா இங்கேயே பிறந்தவள். தமிழ் மறந்துவிடுவாளோ என்று பயந்து, சாப்பாட்டு மேசையில் தமிழ் மட்டும்தான் என்று முன்கூட்டியே சட்டம் போட்டேன். அவள் சட்டத்தை அப்படியே மதித்தாள். மேசையில் பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவள் அப்பா, "ஒன் செவப்பு அட்டைய இங்கயும் மாட்டிட்டியா?" என்று கேட்டார். சட்டத்தை ரத்து செய்தேன். இப்போது பாதி ஆங்கிலம், கால்வாசி இந்தி, மிச்சம் தமிழ் என்று பேசுகிறாள். ஆனால் பேசுகிறாள்.

7

மதிப்பீடு முடிந்த பிறகு ரவிச்சந்திரன் சார் இன்னொரு தாளை நீட்டினார். என் ஒப்பந்தம் ஜூன் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை. இனிமேல் விபத்தோ மருத்துவப் புகாரோ பதிவாகாமல், மேலிட அனுமதி இல்லாமல், நான் வேலையை நிறுத்தமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"சும்மா ஒரு சம்பிரதாயமுங்க" என்றார்.

"அப்ப முதல்ல ஒருத்தர் விழணும். பொறவு நான் நிறுத்தலாம். அப்படித்தானே சார்?"

"அப்படிச் சொல்லாதீங்க. யோசிச்சுட்டு வாங்க. உங்க பொண்ணு படிப்பையும் நினைச்சுப் பாருங்க."

அவர் மிரட்டவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் சொன்னார். என் கணவர் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். அந்தச் சம்பளத்தில் இங்கே மகளைப் படிக்கவைக்க முடியாது. நான் வேலையை விட்டால் ஜெசிந்தாவும் நானும் ஊருக்கு வர வேண்டியதுதான். அடுத்த வருடம் அவளுக்குப் பத்தாம் வகுப்பு.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். ஜெசிந்தா காதிலிருந்து பாட்டுக் குழாயை எடுத்துவிட்டு, "சைன் பண்ணிடுங்க மம்மி. அவங்களே தண்ணி குடிக்க மாட்டேங்கறாங்க, உங்களுக்கு என்ன ப்ராப்ளம்?" என்றாள்.

"நம்ம ஆளுகடி."

"உங்க ஆளுங்க" என்று திருத்திவிட்டுக் குழாயை மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

அடித்தது மாதிரி இருந்தது. அவள் சொன்னதில் பொய் இல்லை. அவளுக்கு அந்த ஊரும் அந்தத் தேரும் போன் திரையில் ஓடுகிற படம்தான். அதற்காக அவளிடம் நான் கோபப்படவில்லை. அவளாகக் கேட்கிற நாள் வந்தால் சொல்வேன். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் வெறும் தாளாகவே திருப்பிக் கொடுத்தேன். "எழுதிக் குடுத்துட்டு அங்க நிக்கறதுக்கு எனக்கு எதுக்கு சார் இந்தத் தொப்பி?" என்று கேட்டேன். அவர் தாளை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். இதுவரை பதில் இல்லை.

8

இந்த வருடம் அவர்கள் ஊரில் வருகிற செவ்வாய்க்கிழமை காப்பு.

நேற்று மத்தியானம் கருப்பையா அண்ணன் என் கேபினுக்கு வந்தார். போன வைகாசிக்குப் பிறகு அவராகத் தேடி வந்தது இதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஒங்க வேலைக்கு ஒலை வச்சிருக்காகன்னு கேள்விப்பட்டோம் மேடம். போன வருசம் நீங்க எங்களுக்காக மல்லுக்கட்டுனதுக்குத்தான்னு சொல்றாக."

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே."

"இருக்கு. எங்களுக்குத் தெரியும். ராத்திரி எல்லாரும் கூடிப் பேசிட்டோம்." தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். "இந்த வருசம் யாரும் காப்புக் கட்டல. பகல்ல சாப்புடுவோம், தண்ணி குடிப்போம். நீங்க அட்டை மாட்ட வேணாம். அவுக கேட்ட தாள்ல கையெழுத்துப் போட்டுருங்க. ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டோம், மன்னிச்சுக்குவா."

கூரைக்குழுவில் அத்தனை பேரும் சேர்ந்து, யாரும் சொல்லாமல், எனக்கு ஒன்று நடப்பதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

"நான் கேட்டது அதையா அண்ணே?"

"இல்லங்க, ஒங்க பொழப்பு..."

"என் பொழப்ப நான் பாத்துக்கறேன். ஊர்க்காரன்னு சொல்லிக்க ஒங்ககிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்னு நீங்கதானே சொன்னீக? அத வாங்கி என் வேலைக்கு முட்டுக் குடுத்துட்டு நான் நிம்மதியாச் சோறு திம்பனா?"

அவர் தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"கட்டுங்க. எல்லாரும் கட்டுங்க. பதினோரு மணிக்கு எறங்கிருங்க. அட்டைய நான் மாட்டுவேன்."

"வேலை போயிருச்சுன்னா?"

"போனா ஊருக்கு வந்து ஒங்க தேரப் பாக்குறேன்."

"நீங்க வந்து..." என்று இழுத்தார்.

"ஏன், வேதக்காரி வரக்கூடாதா?"

"ஐயய்யோ, அப்படி இல்ல." அவசரமாகத் தலையாட்டினார். எனக்குத் தெரிந்து அவர் முதல் முறையாகச் சிரித்தார். "வா தங்கச்சி. வடம் பிடிக்க ஆளுக எல்லாம் வெளிநாட்டுலதான் கெடக்கோம். நீ வந்தா ஒரு ஆளு கூடும்."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமைக்குள் எந்தப் பக்கத்துக் கூரையை முடித்துவிடலாம் என்று நாங்கள் இருவரும் பேச ஆரம்பித்தோம்.